கொன்னது சோப்பா மருந்தா?

நாத்தனார்: …அந்தச் சூட்டுப் பெட்டியைத் திறங்க அண்ணி, போதும், மணி ஒன்பதாச்சு!

அண்ணி: இன்னும் மூணு நிமிஷம். முதல்ல என் தோள்ல இருந்து தாடையை எடு.

நாத்தனார்: நேத்து சாயந்தரத்துல இருந்து காத்திருக்கேன். இந்த மூணு நிமிஷத்துல அந்தக் கிருமி என்ன கல்யாணமா பண்ணிக்கப் போகுது?

அண்ணி: அதுக்குக் கல்யாணமே தேவையில்ல. அரை மணிக்கு ஒரு தடவை தானே ரெண்டாயிடும்.

நாத்தனார்: சாயம் ஊத்தி ஒரு மணி நேரம் ஆச்சுல்ல?

அண்ணி: ஆச்சு. நிறம் ஞாபகம் இருக்கா? வேதியியல்காரி நீ, எல்லாத்தையும் மறந்துடுவ.

நாத்தனார்: நீலமாவே இருந்தா தட்டுல அந்தக் குழியில கிருமி செத்துப் போச்சு. ரோஸா மாறினா உயிரோட இருக்கு. போதுமா, டீச்சரம்மா?

அண்ணி: போதும். தள்ளு. கதவைத் திறக்கறேன்… தட்டு… மெதுவா… இந்தா.

நாத்தனார்: நீலம்! மேல் வரிசை முழுக்க நீலம்! எட்டுக் குழியும்! அண்ணி, பதினாலு கொன்னுடுச்சு! என் பதினாலாம் நம்பர் மருந்து ஒண்ணு விடாம கொன்னுடுச்சு!

அண்ணி: ம்.

நாத்தனார்: "ம்"மா? மூணு வருஷம் அண்ணி! மெழுகு மாதிரி இருக்கு, தண்ணியில கரையாது, இதை வெச்சு என்னத்தப் பண்ணப் போறேன்னு எல்லாரும் சிரிச்சாங்க. புதன்கிழமை பதினொரு மணிக்கு, என் ஆராய்ச்சி தொடரணுமா வேண்டாமான்னு முடிவு பண்ற அந்தக் குழு முன்னாடி இந்தத் தட்டைக் கொண்டு போய் வெக்கறேன். அதுக்கப்புறம் என்னை யாராவது பெயின்ட் பிரிவுக்கு மாத்தட்டும் பார்க்கலாம்!

அண்ணி: கீழ் வரிசையைப் பாரு.

நாத்தனார்: பார்த்தேன். அதுவும் நீலம். அதுலயும் பதினாலைப் போட்டீங்களா? ரெண்டு ரெண்டாவா?

அண்ணி: இல்ல.

நாத்தனார்: அப்ப அது என்ன?

அண்ணி: வெறும் சோப்பு.

நாத்தனார்: …எந்த சோப்பு?

அண்ணி: பதினாலைக் கரைக்க நீ கொடுத்தியே, அந்த எஸ்.டி.எஸ். மருந்து ஒரு துளி கூட இல்லாம சோப்பை மட்டும் அதே அளவு போட்டேன். அதுவும் எல்லாத்தையும் கொன்னிருக்கு.

நாத்தனார்: இருங்க… இருங்க. அப்ப மேல் வரிசையில கொன்னது…

அண்ணி: யாருன்னு தெரியாது. சோப்பு கொன்ன வீட்டுல மருந்து நின்னுக்கிட்டு இருந்திருக்கு, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

நாத்தனார்: போன வருஷம் வந்த நல்ல ரிசல்ட்டெல்லாம்?

அண்ணி: எனக்கு முன்னாடி இந்த மேசையில இருந்தவர் வெறும் சோப்பு வரிசை ஒரு தடவை கூடப் போடல. நோட்டைப் பூரா புரட்டிட்டேன். நான் வந்து ரெண்டு வாரம்தானே ஆகுது.

நாத்தனார்: அவரைச் சொல்லிப் பிரயோஜனம் இல்ல அண்ணி. சோப்பைக் கையில கொடுத்தவ நான். "இதுல போடுங்க, கண்ணாடி மாதிரி கரையும்"னு நான்தான் சொன்னேன். கரையுதான்னு பார்த்தேனே தவிர… ஐயோ, போன் அடிக்குது. அண்ணன்தான்.

அண்ணி: எடு. ஸ்பீக்கர்ல போடு. எடுக்கலைன்னா நேரா இங்கயே வந்து நிப்பாரு.

அண்ணன்: என்னம்மா, செத்துச்சா?

நாத்தனார்: செத்துச்சு அண்ணா.

அண்ணன்: அப்படிப் போடு! எனக்குத் தெரியும்! எல்லாமா?

நாத்தனார்: எல்லாம்.

அண்ணி: ஏங்க, கொன்னது சோப்புங்க.

அண்ணன்: சோப்பா? கை கழுவற சோப்பா?

அண்ணி: அதுக்குப் பெரியப்பன்னு வெச்சுக்கோங்க.

அண்ணன்: அடடா… காலையில வண்டி ஓட்டக் கத்துக்க வந்தவர்கிட்ட, என் தங்கச்சி புது மருந்து கண்டுபிடிச்சுட்டான்னு இப்பத்தானே சொன்னேன். மனுஷன் சந்தோஷத்துல ரிவர்ஸைப் போட்டுச் சுவத்துல இடிச்சுட்டார்.

நாத்தனார்: அண்ணா!

அண்ணன்: சுவத்துக்கு ஒண்ணுமில்ல. ஏம்மா, அந்த சோப்பு வேண்டாம்னா வேற சோப்பு போட வேண்டியதுதானே? இதுக்கு ஏன் குரல் இப்படி உடையுது? சரி, அடுத்த ஆள் வண்டியில ஏறிட்டாரு. சாயந்தரம் பேசறேன்.

அண்ணி: …வெச்சுட்டாரு.

நாத்தனார்: வேற சோப்பு போடுன்னு எவ்வளவு சுலபமா சொல்றான் பாருங்க.

அண்ணி: சுலபம் இல்ல. ஆனா தப்பாவும் சொல்லல. உன் அலமாரியில எத்தனை சோப்பு இருக்கு?

நாத்தனார்: அஞ்சு… ஆறு. ஒண்ணு காய்ஞ்சு போச்சு. அஞ்சு.

அண்ணி: அஞ்சையும் கொண்டா. மருந்து இல்லாம வெறும் சோப்பா வரிசையா நிக்க வெக்கலாம். எது கிருமியைத் தொடாம சாதுவா இருக்கோ, அதுதான் நமக்கு வேணும்.

நாத்தனார்: இன்னைக்கேவா?

அண்ணி: புதன்கிழமை உனக்காக வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிப் போகுமா? ஓடு!

நாத்தனார்: ஓடறேன், ஓடறேன்… அண்ணி, எந்த சோப்பு ஜெயிக்கும்னு நாளைக்கு வரைக்கும் காத்திருக்கணுமா? சாதுவாத் தெரியற ஒண்ணுல பதினாலையும் இன்னைக்கே கரைச்சுப் போட்டுடலாமே? ட்வீன் எண்பதுல. அதை முகத்துக்குத் தடவற கிரீம்ல கூடப் போடறாங்க.

அண்ணி: போடலாம். கூடவே ஒப்பிட்டுப் பார்க்க, நிச்சயமாக் கொல்ற எண்ணெய் ஒண்ணு வேணும். தண்ணியில சேராததா, கொல்லும்னு நமக்கு ஏற்கெனவே தெரிஞ்சதா.

நாத்தனார்: கிராம்பு எண்ணெய்?

அண்ணி: கெட்டிக்காரி. அதையும் கொண்டா.

* * *

நாத்தனார்: நேத்து மாதிரி கத்த மாட்டேன் அண்ணி. சத்தியமா. தட்டை வெளியில எடுங்க.

அண்ணி: எடுத்துட்டேன். முதல்ல சோப்பு மட்டும் இருக்கற அஞ்சு வரிசை. ஒண்ணு நீலம். அது நேத்து பார்த்த அரக்கன்.

நாத்தனார்: ரெண்டும் நீலம். ஐயோ, இதையா நான் மத்த சாம்பிளுக்கெல்லாம் பரிந்துரை பண்ணேன்!

அண்ணி: மூணு… பாதி நீலம், பாதி ரோஸ். ஊசலாடுது. வேண்டாம். நாலு ரோஸ்தான், ஆனா சோகை பிடிச்ச ரோஸ். கிருமி உயிரோட இருக்கு, சந்தோஷமா இல்ல.

நாத்தனார்: அஞ்சைப் பாருங்க! என்ன பளிச்சுன்னு இருக்கு! ட்வீன் எண்பது! சோப்பே போடாத குழியை விட ரோஸா இருக்கே?

அண்ணி: சில கிருமிங்க இந்த சோப்பைச் சாப்பிடவும் செய்யும். விருந்து வெச்சிருக்க நீ.

நாத்தனார்: கொல்லலைல்ல? அது போதும். இப்ப பதினாலு… பதினாலு எங்க?

அண்ணி: ஆறாவது வரிசை.

நாத்தனார்: ரோஸ்.

அண்ணி: ம்.

நாத்தனார்: எட்டும் ரோஸ். அப்ப பதினாலு ஒண்ணுமே பண்ணல. ஆரம்பத்துல இருந்தே ஒண்ணுமே பண்ணல. மூணு வருஷமா நான் ஒரு மெழுகை வளர்த்திருக்கேன்.

அண்ணி: உட்காரு.

நாத்தனார்: நாளைக்குக் குழுவுல போய் நானே சொல்லிடறேன் அண்ணி. மத்தவங்க கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லணும். "கொன்னது சோப்பு, நான் கவனிக்கல"ன்னு.

அண்ணி: சொல்லு. அதைச் சொல்லித்தான் ஆகணும். ஆனா இன்னும் ஒரு வரிசை பாக்கி இருக்கு.

நாத்தனார்: அது கிராம்பு எண்ணெய்தானே. அது கொல்லும்னு தெரிஞ்சதுதான்.

அண்ணி: கொல்லலியே.

நாத்தனார்: என்னது?

அண்ணி: கண்ணைத் துடைச்சுட்டுப் பாரு. கிராம்பு வரிசையும் ரோஸ்.

நாத்தனார்: முடியவே முடியாது. கிராம்பு எண்ணெய் கொல்லும்! புத்தகத்துல இருக்கு. போன வாரம் வெறும் தட்டுல நீங்களே ஒரு சொட்டு விட்டுக் காமிச்சீங்களே, சுத்தி ஒரு கிருமி கூட முளைக்கலையே!

அண்ணி: அதான் நானும் கேக்கறேன். போன வாரம் கொன்னது நேத்து ஏன் கொல்லல?

நாத்தனார்: சோப்பு… நேத்து எவ்வளவு சோப்பு போட்டோம்?

அண்ணி: நீ கலந்தது. நீதான் சொல்லணும்.

நாத்தனார்: நூத்துக்கு அஞ்சு பங்கு. நல்லாக் கரையணும்னு… தண்ணி மாதிரி தெளிவா வந்துச்சு. அண்ணி… அண்ணி!

அண்ணி: கத்த மாட்டேன்னு சத்தியம் பண்ண.

நாத்தனார்: சத்தியத்தை விடுங்க! ரொம்பத் தெளிவா இருந்ததுதான் தப்பு! சோப்பு கொஞ்சமா இருந்தா தனித்தனியாச் சுத்தும். ஒரு அளவைத் தாண்டினா கூட்டம் சேர்ந்து உருண்டை கட்டிக்கும். வெளிப்பக்கம் தண்ணிக்குப் பிடிச்ச தலை, உள்ள எண்ணெய்க்குப் பிடிச்ச வால். எண்ணெய் எதுவா இருந்தாலும் உள்ள போய் வாலுங்க நடுவுல உட்கார்ந்துக்கும்.

அண்ணி: அப்ப கிருமி வெளியில நிக்குது…

நாத்தனார்: மருந்து உள்ள போர்வை போத்திக்கிட்டுத் தூங்குது! கிராம்பும் தூங்குது! கிராம்பையே தூங்க வெச்ச சோப்புல, வேற எது முழிச்சுக்கிட்டு இருக்கும்?

அண்ணி: அப்ப ஒரு சோப்பு கிருமியைக் கொன்னு நம்மளை ஏமாத்துச்சு. இன்னொரு சோப்பு மருந்தை ஒளிச்சு வெச்சு ஏமாத்துச்சு.

நாத்தனார்: சோப்பைக் குறைக்கணும். ரொம்பக் குறைக்கணும். மருந்து அடியில படியாம இருந்தா போதும், தெளிவாவே இருக்க வேண்டாம். பால் பாத்திரம் கழுவின தண்ணி மாதிரி லேசாக் கலங்கி இருந்தாப் போதும். பத்தாயிரத்துல ரெண்டு பங்கு போதும்.

அண்ணி: கலங்கலா இருந்தா கிருமி வளர்ந்துச்சா இல்லையான்னு கண்ணுக்குத் தெரியாதே… ஆனா சாயம் இருக்கு. சாயத்துக்குக் கலங்கல் ஒரு பொருட்டே இல்ல.

நாத்தனார்: முதல்ல மருந்தைத் துளியூண்டு கரைப்பான்ல கரைச்சுடறேன், அப்புறம் சோப்புத் தண்ணி, அப்புறம் நல்லாக் குலுக்கல். மதியத்துக்குள்ள கொடுத்துடறேன். சாயந்தரம் போட்டா, நாளைக்குக் காலையில பத்தரைக்குப் பார்க்கலாம். குழு பதினொண்ணுக்கு.

அண்ணி: அரை மணி நேரம் இருக்கு. போதும்.

நாத்தனார்: ஒரு விஷயம் அண்ணி. குழாய்ல பேர் எழுத மாட்டேன்.

அண்ணி: அப்புறம்?

நாத்தனார்: ஆறு குழாய். அ, ஆ, இ, ஈ, உ, ஊ. எதுல என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியக் கூடாது.

அண்ணி: என் மேலயே சந்தேகமா? உன் அண்ணனைக் கட்டினதுல இருந்து உனக்கு என்னடி கெடுதல் பண்ணேன்?

நாத்தனார்: கெடுதல் பண்ணாததுதான் பிரச்சினை. கோவமா?

அண்ணி: கோவம் இல்ல. நல்ல யோசனைதான். என் வாயில இருந்து வந்திருக்கணும், உன் வாயில இருந்து வந்துடுச்சு, அந்த எரிச்சல்.

நாத்தனார்: கிருமியை நீங்க பார்த்துக்கோங்க. என் குழாயை நான் பார்த்துக்கறேன்.

அண்ணி: ம். கிருமியை நான் பார்த்துக்கறேன்.

* * *

அண்ணி: அங்கயே நில்லு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம். கையை உள்ள விடாத.

நாத்தனார்: நேத்தெல்லாம் நான்தானே தட்டைப் பிடிச்சேன்? இன்னைக்கு என்ன புலிக்கூண்டு மாதிரி…

அண்ணி: நீ பதட்டத்துல இருக்க. தட்டைக் கவுத்துடுவ.

நாத்தனார்: பதறாம என்ன செய்யறது? மணி பத்து முப்பத்தஞ்சு. இயக்குநர் அறையில நாற்காலி எல்லாம் போட்டாச்சு. பெயின்ட் பிரிவுத் தலைவர் கூட வந்துட்டாரு, என்னை அள்ளிக்கிட்டுப் போக.

அண்ணி: நீ படிக்காத. நான் படிக்கறேன், நீ எழுது. ஒவ்வொரு குழியா மருந்து பாதிப் பாதியாக் குறையுது. எந்தக் குழி வரைக்கும் நீலம்னு மட்டும் சொல்லுவேன். "அ"… எட்டும் ரோஸ்.

நாத்தனார்: எழுதிட்டேன்.

அண்ணி: முகத்தை ஏன் அப்படித் திருப்பிக்கற?

நாத்தனார்: என் முகத்தைப் பார்த்து நீங்க எதையும் தெரிஞ்சுக்கக் கூடாது. அடுத்தது.

அண்ணி: "ஆ"… ஒண்ணு, ரெண்டு, மூணு. மூணு நீலம். நாலாவது ஊதா மாதிரி… இல்ல, ரோஸ். மூணுன்னே போடு.

நாத்தனார்: மூணு.

அண்ணி: "இ"…

நாத்தனார்: ம்?

அண்ணி: இரு.

நாத்தனார்: அண்ணி, நேரம் ஆகுது.

அண்ணி: ஆறு.

நாத்தனார்: என்ன ஆறு?

அண்ணி: ஆறாவது குழி வரைக்கும் நீலம். நல்ல கருநீலம். ஏழாவதுலதான் ரோஸ் ஆரம்பிக்குது.

நாத்தனார்: ஆறாவதுன்னா முப்பத்திரண்டுல ஒரு பங்காக் குறைச்ச பிறகும்…

அண்ணி: பேசாத, எழுது. "ஈ" எட்டும் ரோஸ். "உ"… அடியம்மா! "உ"வும் ஆறு! அதே ஆறு! "ஊ" எட்டும் ரோஸ். முடிஞ்சுது. இப்ப சொல்லு, எது எது? எது சோப்பு?

நாத்தனார்: "அ" வெறும் சோப்பு.

அண்ணி: ரோஸ்! சோப்பு கை வெக்கல! கிராம்பு?

நாத்தனார்: "ஆ".

அண்ணி: மூணு நீலம்! கிராம்பு முழிச்சுக்கிச்சு! போர்வை போயிடுச்சு! "ஊ"?

நாத்தனார்: கரைப்பான் மட்டும் போட்ட சோப்புத் தண்ணி.

அண்ணி: அதுவும் ரோஸ், சுத்தம். அப்ப "இ"யும் "உ"வும்தான் மருந்து! ரெண்டு தடவை தனித்தனியாக் கலந்தியா?

நாத்தனார்: தனித்தனியா எடை போட்டு, தனித்தனியாக் கலந்தேன்.

அண்ணி: ரெண்டும் ஆறு! ஏய்! வா இங்க! இல்ல வராத, அங்கயே நில்லு, நான் கையுறையைக் கழட்டிட்டு வரேன்… கையைக் கழுவிட்டு… இப்ப வா! பதினாலு பிழைச்சுடுச்சுடி! உன் மெழுகு கிராம்பை விட எட்டு மடங்கு கொன்னிருக்கு! போனைப் போடு உன் அண்ணனுக்கு, இன்னும் ரெண்டு சுவத்தை இடிக்கட்டும்!

நாத்தனார்: அண்ணி, கொஞ்சம் உட்காருங்க.

அண்ணி: உட்கார நேரம் ஏது? பத்து நாப்பத்தஞ்சு! ஏன் அழற? ஏய், சிரிக்கறியா அழறியா?

நாத்தனார்: ரெண்டும்தான். "ஈ" என்னன்னு நீங்க இன்னும் கேக்கவே இல்ல.

அண்ணி: எட்டும் ரோஸ் வந்ததுதானே? என்ன அது?

நாத்தனார்: அதுதான் பதினாலு.

அண்ணி: …அப்ப இந்த ரெண்டு குழாய்ல இருக்கறது?

நாத்தனார்: இருபத்திமூணு.

அண்ணி: அது எது? அப்படி ஒண்ணை நான் பார்த்ததே இல்லையே.

நாத்தனார்: பார்த்திருக்க மாட்டீங்க. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே தூக்கிப் போட்டது. திங்கக்கிழமை வீட்டுக்குப் போய் என் பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். "இருபத்திமூணு. சோப்புத் தண்ணியிலயும் கரையல. குழாய் அடியில படிஞ்சுடுச்சு. பலன் இல்ல"ன்னு என் கையெழுத்துலயே இருந்துச்சு. அடியில படிஞ்சது கிருமியைப் பார்க்கவே இல்லையே அண்ணி! கிட்டயே போகாததுக்குப் போய் பலன் இல்லைன்னு எப்படி எழுதினேன்? பதினாலு மட்டும் ஏன் ஜெயிச்சுச்சு? அந்த அரக்க சோப்புல அது ஒண்ணுதான் கரைஞ்சுது. மத்ததைக் கரையலைன்னு போட்டிக்கே சேர்க்கல. நேத்து அலமாரி மூலையில கிடந்த அதோட டப்பா அடியில சுரண்டி எடுத்துட்டு வந்தேன்.

அண்ணி: என்கிட்ட சொல்லிட்டுச் செஞ்சிருந்தா நான் வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?

நாத்தனார்: உங்களுக்கு என் மேல பாசம் அதிகம் அண்ணி. பாசம் வெச்சவங்க கண்ணுக்கு ஊதாவும் நீலமாத் தெரியும். என்னைக் காப்பாத்தணும்னு நீங்களே அறியாம ஒரு குழியைக் கூட்டிச் சொல்லிடுவீங்களோன்னு பயந்தேன். அதான் மறைச்சேன். மன்னிச்சுடுங்க… அண்ணி? ஏன் இப்படிப் பார்க்கறீங்க? ஏன் தட்டையே பார்க்கறீங்க? தப்பாப் படிச்சுட்டீங்களா? சொல்லுங்க, பத்து அம்பது ஆகுது!

அண்ணி: சரியாத்தான் படிச்சேன்… பாசம் என் கண்ணை மறைக்கல, கையைத்தான் கெடுத்துடுச்சு. பதினாலு நேத்தே செத்துப் போச்சுன்னு நான் முடிவு கட்டிட்டேன்டி. அரைகுறையாப் பிழைச்சா இன்னும் மூணு வருஷம் அதையே கட்டிக்கிட்டு அழுவ, எப்படியாவது உன் ஆசையை ஒரேயடியா முடிச்சு வெச்சுடணும்னு, வழக்கமான சாதுக் கிருமியை நான் எடுக்கவே இல்ல. பூட்டின பெட்டியில இருந்து ஆஸ்பத்திரிப் புண் வார்டு கிருமியை எடுத்தேன்… அதான் உன்னைக் கிட்ட விடல. ஏழு மருந்து கொடுத்துப் பார்த்தும் டாக்டருங்களால அசைக்க முடியாததுன்னு நம்மகிட்ட அனுப்பினாங்களே, அதே கிருமி. அதைத்தான் நீ தூக்கிப் போட்ட இருபத்திமூணு இப்ப ஆறாவது குழி வரைக்கும் கொன்னு வெச்சிருக்கு!